இரண்டாவது கரண்டி

பத்து மணி டீக்கு வரிசை பாதிதான் வந்திருந்தது. பதினோரு வருஷமாகத் தொழிற்சாலை கேண்டீனில் காய் நறுக்கிப் பரிமாறுகிறவளுக்குத் தலையை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. டீ கொதிக்கிற வாசனையோடு வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து கவுண்டர் வழியாக உள்ளே வரும், இன்று அது வரவில்லை, பதிலாகக் கழிவறைப் பக்கமிருந்து ஒரு புளித்த நெடி நடைபாதை நெடுகத் தவழ்ந்து வந்து சமையலறைக்குள் உட்கார்ந்துகொண்டது. எப்போதும் முதல் ஆளாக வந்து நின்று அசடு வழியும் அவள் தம்பியையும் காணோம்.

"என்ன மாஸ்டர், ஆளே இல்ல?"

"பாதிப் பேருக்கு ராத்திரியிலேருந்து வாந்தியாம்," என்றார் சமையல் மாஸ்டர். "நேத்து என்னத்தப் போட்டீங்கன்னு என் சட்டையப் பிடிக்கிறானுங்க. எல்லாம் நல்லா வெந்த சாப்பாடு! வேகாதது அந்த வெள்ளரிக்காய் ஒண்ணுதான்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

வெள்ளரிக்காயை நறுக்கியது அவள். அதற்கு முந்தின இரவு ஐந்து முறை வாந்தியெடுத்தவள். விடிந்ததும் நின்றது, யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்கு வந்துவிட்டாள். வாந்தி நின்று இரண்டு நாள் கழித்தே வரவேண்டும் என்ற தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியதும் அவள்தான். ஒரு நாள்கூட லீவு போடாதவள் என்ற பெயர் பெரிய கிரீடமாயிற்றே, கழற்ற மனம் வரவில்லை. குழாயடியில் சோப்பு தீர்ந்திருந்தது, கை சுத்தம் செய்யும் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டாள், இன்று காலையும் அதேதான். வாந்தியைப் பரப்பும் கிருமி ஜெல்லுக்கு அசையாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது பக்கத்திலிருந்தவளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி நேற்று தட்டை இரண்டாம் முறையும் நீட்டினான். "உன் கைப்பக்குவமே தனிக்கா." இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டாள். அம்மா போன பிறகு அவள்தான் அவனுக்கு ஊட்டி வளர்த்தவள்.

"தம்பி எங்கே?"

"ஆள் இல்லன்னு அவன பிரஸ்லயே நிக்க வச்சுட்டாங்க."

பிரஸ் என்றால் தகரத்தை வெட்டும் இயந்திரம். காலால் மிதியை அழுத்தினால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கும். வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று முன்னாலிருந்த பாதுகாப்பு வலையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் கவனித்தாள். பட்டறைப் பக்கம் மற்ற எல்லா இயந்திரமும் வாயை மூடியிருக்க, ஒன்று மட்டும் தட், தட் என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். குமட்டல் வந்து குனிந்தால் உடம்பின் பாரமெல்லாம் மிதியில்தான் இறங்கும்.

ஓடினாள்.

நடைபாதையில் ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும்போல் ஓங்கரித்தான், பீறிட்டு வந்தது எதிர்ச்சுவர்வரை தெறித்தது. இன்னொருவன் மயங்கி விழுந்ததில் படி விளிம்பு நெற்றியைப் பிளந்திருந்தது. வழுக்கி விழுந்தாள். முழங்கைத் தோல் பெயர்ந்தது. எழுந்தாள். தட். தட்.

"டேய்! காலை எடுடா! மிதியிலேருந்து காலை எடு!"

அவன் காதில் பஞ்சு. கேட்கவில்லை. பார்த்துவிட்டான். சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. தகரத்தை இரண்டு கையாலும் உள்ளே தள்ளினான்.

தோள் குலுங்கியது.

குனிந்தான்.

தட்.

அலறலும் வாந்தியும் ஒன்றாக வந்தன. நசுங்கிய தகரம் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. அவள் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். பூட்ஸ் மிதியின் கூண்டுக்குள் மாட்டியிருந்தது. தட். ரத்தம் அவள் முகத்தில் சூடாக அடித்தது. நிறுத்துகிற பொத்தான் எங்கே? தரையில் சுருண்டு கிடந்த ஃபோர்மேன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, வாந்திதான் வந்தது.

"அக்கா... வருதுக்கா... மறுபடி வருது..."

வரக் கூடாது. குனியக் கூடாது. அவனை மார்போடு சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்தினாள். அவன் கண் பிதுங்கியது. வயிறு சுருண்டது. விரலிடுக்குகளில் கொழகொழவென்று வழிந்தது. அந்தக் கையில் இன்னும் ஜெல் மணந்தது.

அவன் கால் அழுந்தியது.