பல் பார்க்கும் கதவு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குவிமாடத்துக்காரர்கள் காலையில் எழுந்ததும் கதவிடம் பல்லைக் காட்டுவார்கள். கதவு உற்றுப் பார்த்து, "நல்ல பல்" என்றால்தான் வெளியே வழி. மெத்தம்பெட்டமின் என்னும் போதைப்பொருள் எடுப்பவருக்குப் பல் சொத்தையாகும், கன்னம் ஒட்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு இவ்வளவும் தெரியும். இதற்கு மேல் எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள், காற்றுவடிகட்டி துடைக்கும் வேலம்மாளுக்குக் கதவு திறக்கவில்லை. முன்பல் இரண்டும் கறுப்பு, ஆளும் ஒல்லி. போதாதா? சாயங்காலமே கூட்டம் கூடியது. அடுத்த விண்ணோடத்தில் பூமிக்கு ஏற்றிவிடலாம் என்றார்கள். செவ்வாயில் பிறந்த அவள் மகளின் எலும்பு பூமியின் ஈர்ப்பைத் தாங்காது. பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

"ஒருதரம் தொட்டா அவ்வளவுதான், திருந்தவே மாட்டாங்க" என்றார் தலைவர் வைகுந்தன். பல்லெல்லாம் முத்து. விடியுமுன் ஓட்டம், பகல் முழுக்கச் சங்க வேலை, தூக்கமே கிடையாது. இந்த வயதில் என்ன சுறுசுறுப்பு என்று ஊரே கண்வைத்த மனிதர்.

"எனக்குச் சர்க்கரைங்க, பல்லு அதுல போச்சு" என்றாள் வேலம்மாள். "நம்பலைன்னா ரத்தத்தைப் பாருங்க. என்னை மட்டும் ஏன்? எல்லாரையும் பாருங்க!"

"பாக்கட்டுமே! மடியில கனமில்ல" என்று முன்வரிசைப் பங்கஜம் கையை நீட்டினாள். வைகுந்தன் மட்டும் ஏதோ அவசர வேலை என்று எழுந்தார். பங்கஜமே அன்போடு பிடித்து உட்காரவைத்தாள்.

நாடியான் என்னும் மருத்துவ எந்திரன் எல்லோர் விரலிலும் குத்திப் பார்த்துவந்தது. வேலம்மாள் ரத்தம் சுத்தம். மெத்தம்பெட்டமின் இருந்தது தலைவர் ரத்தத்தில்.



"பாவம், எவ்வளவு வேலைப்பளு!" என்றாள் பங்கஜம்.

"அடிமையெல்லாம் இல்லைங்க, தூக்கம் வராம இருக்கத்தான்" என்றார் இன்னொருவர். "நாடியான், இது குணமாகுமா?"

"ஆகும். இது நோய். சிகிச்சையில் பலர் மீண்டிருக்கிறார்கள்."

"அப்போ என்னை ஏத்தி அனுப்பப் பாத்தப்போ ஏன் இதைச் சொல்லல?" என்றாள் வேலம்மாள்.

"யாரும் கேட்கவில்லை. இவர்கள் கேட்டது அடுத்த ஓடம் எப்போது என்று மட்டும்தான்."

தலைவருக்குச் சம்பளத்தோடு ஓய்வும் சிகிச்சையும் என்று முடிவாயிற்று. கௌரவமானவர்கள் விரலில் குத்துவது மரியாதையில்லை என்று ரத்தச் சோதனையும் நிறுத்தப்பட்டது. வேலம்மாளைப் பெரிய மனதோடு மன்னித்து, பொய்ப்பல் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

மறுநாள் காலையும் எல்லோரும் வரிசையில் நின்று பல்லைக் காட்டினார்கள். கதவு முதலில் திறந்தது வைகுந்தனுக்கு.