தட்டின் ஓரத்தில் ஒரு பெயர்

சட்டென்று ஒரு கை வந்து கிருபையின் மணிக்கட்டைப் பிடித்தது.

நாற்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை. கடற்கரைச் சாலையில் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் தாழ்வாரத்தில் அவள் ஒதுங்கி நின்றிருந்தாள். கொழும்புத் தோணியில் வந்த பொட்டலம் நனைந்துவிட்டதோ என்று பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த கறுப்பு இசைத்தட்டைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். அவ்வளவுதான்... மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரின் கையை, முன்பின் தெரியாத ஓர் ஆள் நடுத்தெருவில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவளுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை.

"துடைக்காதீங்க. சேலை பட்டா கீறல் விழும். விரலை எடுங்க முதல்ல."

"முதல்ல நீங்க விரலை எடுங்க," என்றாள் கிருபை.

அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். சுட்டதுபோல விட்டான். நனைந்த தலைமுடியிலிருந்து நீர் சொட்டி இமைமேல் விழுந்தது. உப்பளத்து வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்கள்... அந்தச் சுருக்கத்துக்குள்ளே எவ்வளவு ஆழம்! சீ, என்ன இது, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"பெருவிரல் பதிஞ்சுட்டு. பாட்டுல இந்த இடத்துல கரகரன்னு ஒரு சத்தம் வரும்," என்றான் அவன் வருத்தத்தோடு.

"பாட்டே இல்லாத வெறும் தட்டு இது. இதுக்குப் போயி இவ்வளவு அக்கறையா?"

"வெறும் தட்டுங்கிறதனாலதான். ஒரு தடவதான் வெட்ட முடியும். விழுந்தது விழுந்ததுதான், அழிச்சு எழுத இது சிலேட்டு இல்ல."

"இதெல்லாம் சொல்ல நீங்க யாரு?"

"அதை வெட்டப் போறவன். நீங்க எபனேசரோட அக்காதானே?"

தம்பி ஒரு வாரமாகப் புகழ்ந்துகொண்டிருந்த ரேடியோ மெக்கானிக் இனிகோ பர்னாந்து இவன்தானா! பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவன். சண்டை முடிந்து சாமான்களை ஏலம் விட்டபோது, வெறும் தட்டில் பாட்டைத் தடமாக வெட்டிப் பதிக்கும் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவன்.

அவர்களுடையது மூன்றே பேர் கொண்ட பாட்டுக் கோஷ்டி. எபனேசர் பிடில், அவன் கூட்டாளி சுந்தரராஜ் தபலா, கிருபை ஆர்மோனியமும் பாட்டும். மதராஸில் ஒரு கிராமபோன் கம்பெனிக்கு எழுதிப் போட்டதற்கு, மாத முடிவுக்குள் மாதிரித் தட்டு ஒன்று அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கிறோம் என்று பதில் வந்திருந்தது. மூன்று பேரும் மதராஸ் போய்வர வசதி ஏது? ஆகவே வீட்டிலேயே வெட்டுவது என்று முடிவு. கிடைத்தது ஒரே ஒரு வெற்றுத் தட்டு.

அப்பா ஞானையா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"ஒரு தட்டு, ஒரு பாட்டு. மதராஸ்காரன் வேண்டாம்னுட்டா பெட்டியை மூடிட்டு, நான் பார்த்திருக்கிற நாசரேத் ஊர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிரணும்."

கிருபையும் தலையாட்டியிருந்தாள். ஆக, அந்தத் தட்டில்தான் இருந்தது எல்லாம்.

அந்த வாரம் இனிகோ மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். எதிரொலி வராதபடி உள்ளறைச் சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாத்தினான். தன் மாமாவின் தோணியிலிருந்து பழைய பாய்த்துணியைக் கொண்டுவந்து ஜன்னலில் தொங்கவிட்டான். அறை முழுக்கக் கடல் வாசனை. வெட்டிய தட்டுக்கு இரும்பு ஊசி ஆகாது, தடத்தைத் தின்றுவிடும் என்று உடைமரத்து முள்ளைச் சீவிச் சீவி ஊசி செய்தான். வேலை, வேலை... ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"ரேடியோக்காரரே, சிரிச்சா கரண்டு செலவாயிருமோ?" என்று கேட்டாள் கிருபை.

"மெத்தையைப் பிடிங்க டீச்சர், சரியுது."

"ஏலே எபனேசர், இவங்க ரெண்டு பேரும் சண்டை போடுததையே வெட்டிரலாம். நல்லா விக்கும்," என்றான் சுந்தரராஜ்.

சனிக்கிழமை மாலை எல்லாம் தயாரானது. பெட்டி கூடத்தில், பாடுகிறவர்கள் உள்ளறையில், நடுவில் மூடிய கதவு. இனிகோ ஒரு மெல்லிய கயிற்றைக் கதவின் அடியில் விட்டு, ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான். மறுமுனையைக் கிருபையிடம் நீட்டினான்.

"ஒரு தடவ இழுத்தா நான் வெட்டத் தொடங்கணும். ரெண்டு தடவ இழுத்தா நிறுத்தணும். நீங்கதான் இழுக்கணும்."

"ஏன், நீங்க இழுத்தா என்னவாம்?"

"எங்க அப்பா முத்துக்குளிப்புல கயிறு பிடிச்சவரு. தண்ணிக்குக் கீழ இருக்கிற ஆளுதான் இழுக்கும். மேல தோணியில இருக்கிறவன் சைகை வராமத் தூக்கவும் மாட்டான், தானா இழுக்கவும் மாட்டான். அது எங்க முறை."

கதவு மூடியது. அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

பாடினாள். இத்தனை நாளும் தெருவுக்குக் கேட்கும்படி பாடிய பாட்டு, மெத்தைகளுக்கு நடுவே காதோடு பேசுவதுபோல வந்தது. கடைசி அடி முடிந்ததும் பிடில் மெல்லத் தேய்ந்து ஓய்ந்தது. எபனேசரும் சுந்தரராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பூனைபோலக் கதவைத் திறந்து வெளியே நழுவினார்கள்.

கிருபை மட்டும் இருந்தாள். கயிற்றைப் பாட்டு நடுவிலேயே மடியில் வைத்துவிட்டதை மறந்தே போனாள். முடிந்துவிட்டது, அவ்வளவுதான்... இனி அவன் இந்த வீட்டுக்கு வர வேலை இல்லை. எதிரே அந்த மைக் ஒரு முகம்போல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வாரமாக அவள் வாய்க்குள்ளேயே கிடந்த ஒரு சொல்... ரேடியோக்காரரே என்று சொல்லிச் சொல்லி மறைத்துவைத்த சொல்...

ஒரே ஒரு தடவை, மெதுவாக, சொல்லிப் பார்த்தாள்.

கூடத்துக்கு அவள் வந்தபோது எல்லாரும் தட்டைச் சுற்றி நின்றார்கள். கறுப்பு நூல்போல வெட்டுத் துணுக்குகள் நடுவில் சுருண்டு கிடந்தன. அந்த வீட்டில் தட்டு போடுவது அப்பாவின் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தட்டைத் தம் கிராமபோனில் வைத்து, முள்ளைத் தூக்கி எப்போதும் வைக்கிறதுபோல வெளி ஓரத்தில் வைத்தார்.

"சார், அங்கன வைக்கக்..." என்றான் இனிகோ.

"இனிகோ..." என்றது கிருபையின் குரல்.

முள் வழுக்கித் தட்டுக்கு வெளியே விழுந்தது.

எபனேசர் கையில் பிடில் வில் அப்படியே நின்றது. அப்பா நம்பவில்லை. முள்ளை எடுத்து மறுபடியும் ஓரத்தில் வைத்தார்.

"இனிகோ..."

மறுபடியும் வழுக்கியது. வெறும் பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை அப்படிச் சொன்ன குரலுக்கு ஒரு பெண் வேறு விளக்கம் எதுவும் சொல்லித் தப்ப முடியாது. பின்னாளில், இனிகோவை அடக்கம் செய்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும், எங்காவது திடீரென்று சத்தம் நின்றுபோனால் கிருபைக்கு அந்தக் கூடத்து அமைதிதான் ஞாபகம் வரும்.

"பாட்டு எங்கலே?" என்றார் அப்பா எபனேசரிடம், வறண்ட குரலில்.

"பாட்டு உள்ள இருக்கு சார்." இனிகோவின் முகம் வெளிறியிருந்தது. "வெட்டுற நூலு ஊசியில சிக்கக் கூடாதுன்னு இந்தப் பெட்டியில உள்ளயிருந்து வெளிய வெட்டுவோம். நடுவுலதான் தொடக்கம். ஓரம்... ஓரம் கடைசி."

அவன் முள்ளை நடுவில் வைத்தான். பாட்டு வந்தது. அழகாக, முழுசாக. ஓரிடத்தில் மட்டும் கரகரவென்று அவள் பெருவிரல் தடம். யார் அதைக் கேட்டார்கள்?

"வேணும்னே ஓட விட்டீங்களா?" என்றாள் கிருபை. "ஒரு பொண்ணு தனியா இருக்கையில பேசுனதை... இப்படியா வெட்டுவீங்க?"

"சைகை வரல டீச்சர்," என்றான் அவன். "பாட்டு முடிஞ்சது தெரியும். ஆனா கயிறு வரல."

அவள் உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெத்தையில் முகம் புதைத்தாள். தவறு தன்னுடையது என்று தெரிந்தபோது அவமானம் இன்னும் சுட்டது.

கதவுக்கு வெளியே அப்பாவின் குரல்.

"தம்பி, நீங்க ரோமன் கத்தோலிக்கு. நாங்க மிஷன் சபை. உங்க வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்க, எங்க வீட்லயும் வழக்கம் இல்ல. அந்த ஓரத்தைச் சுரண்டிருங்க. பாட்டு மதராஸ் போகட்டும்."

"சுரண்டலாம் சார். பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப செய்யுங்க."

"பேரு என்னுது. சொன்னது அவங்க. அவங்க சொன்னாத்தான் கத்தியை வைப்பேன்."

பிறகு அவன் குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது.

"டீச்சர்... கயிறு அங்கனதான் கிடக்கு. சுரண்டணும்னா ஒரு தடவ இழுங்க. சுரண்டாம நிறுத்தணும்னா ரெண்டு தடவ."

கிருபை கயிற்றை எடுத்தாள். நாசரேத், அப்பாவின் மானம், சபைக்காரர்கள் பேச்சு... எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. சுரண்டிவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. அவன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போவான். அந்தக் கண்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு தடவை இழுத்தாள்.

வெளியே கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டது.

இழுத்தாள். இன்னும் ஒரு தடவை. அத்தோடு நிற்கவும் முடியவில்லை அவளால். மூச்சு முட்டியவள் மேலே வரத் துடிப்பதுபோல இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"அடேயப்பா," என்றான் சுந்தரராஜ் மெதுவாக. "அக்காவைத் தூக்குங்க அண்ணாச்சி. தண்ணி குடிச்சுரப் போறாங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நடந்தார். ஜன்னல் பக்கம் போய்ச் சற்று நின்றாற்போல் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"எபனேசர், அட்டையில பெருசா எழுதுலே. நடுவுல இருந்து போடணும்னு. மதராஸ்காரனும் என்னை மாதிரி ஓரத்துல வச்சுரப் போறான்."

கிருபை அழுதுகொண்டே கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றினாள். அன்று மழையில் அவன் பிடித்த அதே மணிக்கட்டு.

அப்போது கயிறு அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து... மேலே இருக்கிறவன் ஒருபோதும் இழுக்காத அந்தப் பக்கத்திலிருந்து... மெதுவாக, ஒரே ஒரு தடவை.

"கிருபை," என்றான் இனிகோ, கதவுக்கு அப்பால்.