ரெண்டு ஊசியும் போட்டாச்சு

"ஏங்க... நில்லுங்க! இப்படியே உள்ள போகக் கூடாது."

கொரோனா வார்டு வாசலில் ஜெயக்கொடி சட்டென்று நின்றாள். சிங்கவரம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் செஞ்சியில் இப்படி ஒரு மழையா! தலை நனைந்து, துப்பட்டா நனைந்து, கையிலிருந்த கஞ்சித் தூக்கின் மூடியில்கூட முத்து முத்தாய்த் துளிகள்...

"ஏன் போகக் கூடாது? எங்க நைனா உள்ள இருக்காரு."

"மாஸ்க் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்குது. அதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். இந்தாங்க, புதுசு."

நீட்டியவனை நிமிர்ந்து பார்த்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உறை. முகம் முழுக்க மூடியிருக்க, கண்கள் மட்டும் வெளியே... அடர்ந்த இமைகளுக்குள் ஈரமாய், கரிய திராட்சை போல இரண்டு கண்கள். அவை சிரித்தன.

சிரிக்க இங்கே என்ன இருக்கிறது? ஜெயக்கொடிக்கு உடனே சந்தேகம் தட்டியது. வாசலில் நின்று வலிய உபகாரம் செய்கிறவனை எப்படி நம்புவது?

"பேஷன்ட் பேரு?"

"வீராசாமி. சிங்கவரம். காலையிலதான் சேத்தோம்."

சிரித்த கண்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் அசையாமல் நின்றன. "சர்க்கரை இருக்குதுல்ல அவருக்கு? கொரோனா ஊசி போட்டிருக்காரா?"

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு."

பொய் தடுமாறாமல் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி ராஜம்மாள் சொல்லிக்கொடுத்த பொய் அது. 'ஊசி போடலன்னு வாயைத் தொறந்துடாதடி. ஓரமாத் தள்ளிட்டு, போட்டவங்களைத்தான் பாப்பாங்களாம்.'

உண்மையில் அவள் அப்பா வீராசாமி ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கூட்டாளி ஒருவர் ஊசி போட்ட மறுவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த மனிதருக்கு வருஷக் கணக்காய் நெஞ்சுவலி உண்டென்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊசிதான் கொன்றது என்று வீராசாமி முடிவுகட்டிவிட்டார். ஜெயக்கொடி மட்டும் தான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் எல்லாரோடும் சேர்ந்து போட்டுக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும்... அந்தச் சண்டைக்குப் பயந்துதான் நைனாவிடம் 'நீயும் போட்டுக்கோ' என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை.

"அப்படியா..." என்றான் அவன். அந்த ஒற்றைச் சொல் அவள் முதுகில் முள்ளாய்த் தைத்தது.

அவன் பெயர் எழிலன். தளவானூர்க்காரன், அந்த வார்டின் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிகள் எல்லாரும் அவனை 'பிரதர், பிரதர்' என்று கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது நைனாவின் கட்டில் இடம் மாறியிருந்தது. ஜன்னலோரமாய் இருந்ததை இழுத்து, நர்ஸ் மேசைக்கு முன்னால் போட்டிருந்தார்கள். எழிலன் அடிக்கொரு தரம் வந்து அவர் விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தான். அடுத்த கட்டில் தாண்டவராயனுக்கு நைனாவைவிட வயது அதிகம், இதயத்தில் ஸ்டென்ட் வேறு. அவரோ சப்பணம் போட்டு உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் இப்படிக் குடையவில்லையே...

"இன்னா பிரதர், எங்க நைனாவை மட்டும் சும்மா சும்மா வந்து பாக்கறீங்க?"

"பாக்காம விட்டாலும் திட்டுவீங்க, பாத்தாலும் திட்டுவீங்களா?"

"காரணம் கேட்டேன்."

"நீங்கதான் காரணம். நீங்க சொன்ன பதில்."

அந்தக் கண்கள் மறுபடி சிரித்துவிட்டு நகர்ந்தன. கண்ணா அது... மனசுக்குள் புகுந்து துழாவுகிற கை!

மறுநாள் காலை குட்டு உடைந்தது. டாக்டர் கவிதா கட்டிலருகே வந்து, "ஊசி போடாத சர்க்கரை பேஷன்ட் இவர்தானே எழிலன்? நல்லா கவனிச்சுக்கோங்க" என்றார். ஜெயக்கொடிக்கு முகம் சுண்டியது. எழிலன் வராந்தாவுக்குப் போனதும் பின்னாலேயே பாய்ந்தாள்.

"போட்டுக் குடுத்துட்டீங்கல்ல? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் சிங்கவரத்துல ஊசி முகாம். கடலைக்காட்டுல வேலை செய்யறவங்களுக்கு அங்கேயே போடலாம்னு போனோம். ஒருத்தர் மண்வெட்டியத் தூக்கிட்டு வரப்பு முழுக்க என்னைத் துரத்துனாரு." எழிலன் நிதானமாய்ச் சொன்னான். "அவரு பேரும் வீராசாமி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ... அந்தக் கோவத்தைத் தீத்துக்கறீங்க. அப்படித்தானே?"

முதல் தடவையாக அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்தது.

"ஊசி போட்டவங்களும் இங்க வர்றாங்க. அவங்கள்லயும் சிலருக்கு மோசமாவுது. ஆனா மூச்சு முட்டி ஆக்சிஜனுக்குப் போற ஆபத்து, போடாதவங்களுக்கு ரொம்ப அதிகம். வயசும் சர்க்கரையும் சேந்தா சட்டுன்னு கீழ இறங்கிடும். நீங்க சொன்னதை நம்பி ஜன்னலோரமா விட்டிருந்தா யாரு பாக்கறது? உங்க நைனா என்னைத் துரத்துனதுக்காக அவரை நான் சாவ விடணுமாங்க?"

தப்பு என்று அவள் நெஞ்சு சொன்னது. தலை மட்டும் குனிய மறுத்தது.

அன்று மதியமே அவன் பயந்தது நடந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நைனா, பாதியில் தம்ளரை வைத்துவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். ஜெயக்கொடி கத்துவதற்குள் எழிலன் வந்துவிட்டான். ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினான், டாக்டரைக் கூப்பிட்டான், பெரியவரைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்தான்.

"ஐயா, பயப்படாதீங்க. மெதுவா இழுங்க... விடுங்க... அவ்ளோதான்."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நைனா மூச்சு விட்டார். சுவரில் சாய்ந்து நின்ற ஜெயக்கொடியும் அதே குரலுக்குத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து வந்த நாள்கள் அப்படியே கழிந்தன. ரெண்டு ஊசியும் போட்டிருந்த தாண்டவராயன் வீட்டுக்குப் போய்விட்டார். நைனா குழாயோடு கிடந்தார். 'நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...' என்று அவள் யாரும் பார்க்காமல் அழுதாள். கண்ணைத் துடைத்து நிமிரும்போதெல்லாம் வராந்தாவின் அந்தக் கோடியில் எழிலன் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருப்பான்...

குழாயை எடுத்த அன்று நைனா அவனை உற்றுப் பார்த்தார். "தம்பி... உன்னைத்தானே மண்வெட்டியோட துரத்துனேன்?"

"நல்லா ஓடுனேன்ல ஐயா?"

நைனா சிரிக்கப் போய் இருமினார். அந்த நேரத்திலாவது ஜெயக்கொடி ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆனால் கழுவிய தூக்கையே திரும்பவும் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு எழிலனைக் காணவில்லை. ஒருநாள் போயிற்று, மறுநாளும் வேறு யாரோதான் வந்தார்கள். என்னை ஒதுக்குகிறானா? வேறு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டானா? வாசலில் வெள்ளை உறை தெரியும்போதெல்லாம் கண்களைத் தேடினாள். எதிலும் அந்தக் கண்கள் இல்லை.

நைனாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் டாக்டர் கவிதா சொன்னார். "எழிலனுக்குப் பாசிட்டிவ்மா. பின்பக்க ரூம்ல தனியா இருக்கார்."

நைனாவை ஆட்டோவில் உட்காரவைத்தவள், "இதோ வந்துடறேன்" என்று தூறலில் ஓடினாள். கம்பி போட்ட ஜன்னல். உள்ளே தூரத்தில், கட்டிலில் அவன். பாதி முகம் மாஸ்க்குக்குள். அதே கண்கள்!

"ரெண்டு ஊசி போட்ட உங்களுக்கே வந்துடுச்சே..." குரல் உடைந்தது அவளுக்கு.

"வந்துச்சு. காய்ச்சல் வந்தது, போயிடுச்சு. தொண்டை மட்டும் கரகரங்குது. உங்களோட சண்டை போடற தெம்பு இருக்குது... வாங்க."

"சண்டைக்கு வரலை." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைத் தப்பா நெனச்சேன். மன்னிச்சுடுங்க. ஆனா இப்பவும் ஒரு சந்தேகம் இருக்குது."

"இன்னா?"

"எங்க நைனாவை அப்படிப் பாத்துக்கிட்டது, ஊசி போடாதவர்ங்கறதுக்காக மட்டுந்தானா?"

மழை வலுத்து ஓட்டில் சடசடத்தது. அவன் கண்கள் தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்தன.

"மொத நாள் அதுக்காகத்தான். அப்புறம்... அவர் பக்கத்துல நின்னா வாசல் நல்லாத் தெரியும். நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

கன்னத்தில் வழிந்தது மழையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீங்க வராத நாள் பூரா நானும் அந்த வாசலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்... எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. போதுமா?"

பதிலைக் கேட்க நிற்கவில்லை. ஓடிவந்து ஆட்டோவில் ஏறினாள்.

"யாரோட பேசிட்டு வர்ற?" நைனா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

இனி இவரிடம் எதையும் மறைப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த நர்ஸோட நைனா. எனக்கு அவரப் புடிச்சிருக்குது. இன்னொண்ணு... நான் ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டேன். உன்கிட்ட சொல்லலை. உன்னையும் போட்டுக்கச் சொல்லலை. தப்பு என்மேலதான்."

ஆட்டோ கிளம்பியது. நைனா துண்டை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார்.

"ஒடம்பு சரியானதும் அவனை வீட்டுக்கு வரச் சொல்லு. நேர்ல ஒக்கார வெச்சு, நாலு வார்த்தை கேட்டாத்தான் எதையும் நான் நம்புவேன்."