முப்பதாவது நிமிடத்தில் மணப்பெண் இல்லை!

மகாஜனங்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு!

ஐரோப்பியப் பேரறிஞர்கள் பலர் ஒன்றுகூடி, ஏராளமாகக் காபி குடித்து, கண்டத்தின் நன்மைக்காகக் கண்டறிந்த உண்மை யாதெனில்... ஒரே மூச்சில் முப்பது நிமிடம் படம் பிடிக்க வல்ல கேமரா, போட்டோ கேமரா அல்ல!

அது வீடியோ கேமரா!

வீடியோ கேமராவுக்குச் சுங்க வரி அதிகம்!

கேமரா செய்கிறவர்கள் யோசித்தார்கள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடியில் கேமரா தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

ஒரே ஒரு விநாடி குறைச்சல்!

அந்த ஒரு விநாடியால், ருமேனியாவில், பக்காவு நகரத்தின் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஜூன் மாதத்து வெயில் இன்னும் ஜன்னலை விட்டு இறங்காத ஒரு மாலையில்...

"ஐயோ... என் பொண்ணு!"

அலறியது ஸ்மரண்டா. மணப்பெண் இலிங்காவின் அம்மா.

பாண்டு வாத்தியம் பாதிப் பாட்டில் நின்றது. அக்கார்டியன்காரர் மட்டும் கடைசியாக ஒரு முறை முனகினார்.

அலறல் தாமதமாகத்தான் வந்தது. மணப்பெண்ணின் நாற்காலி காலியாகி வெகு நேரம் ஆகிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படாதது மட்டுமில்லை, கைதட்டினார்கள்!

காரணம் இருக்கிறது. அந்த ஊரில் மணப்பெண்ணைத் திருட வேண்டும். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அவளைக் கடத்திப் போய் ஏதாவது மதுக்கடையில் ஒளித்து வைப்பார்கள். போன் பண்ணி மீட்புத் தொகையாக விஸ்கி கேட்பார்கள். மாப்பிள்ளை பேரம் பேசி மீட்பார். திருட்டு நடக்காத கல்யாணம், உப்புப் போடாத சூப்.

ஆகவே நாற்காலி காலியானதும், 'ஆகா, திருடிட்டாங்கடா!' என்று கூட்டம் குதூகலித்தது.

இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் திருடர்களின் தலைவன் ஜெலு, வீடியோக்காரர் டிபேரியுவின் தோளைத் தட்டினான்.

"டிபி அண்ணே, கேமராவைத் தூக்கிட்டு வாங்க. பொண்ணைத் திருடப் போறோம்."

"ஏற்கெனவே திருடியாச்சேடா!"

"யாரு?"

"நீங்கதான்!"

"நாங்க மூணு பேரும் இங்கேயேதான் உக்காந்திருக்கோம்! கேக் வெட்டினப்புறம்தான் திருடறதா ஏற்பாடு. இன்னும் சூப்பே வரலையே!"

ஜெலுவின் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பை கீழே விழுந்தது.

அப்படியானால்... திருட வேண்டிய பொருளை வேறு எவனோ திருடிவிட்டான்!

"ஒருத்தரும் அசையக் கூடாது!"

கனமான குரல். இன்ஸ்பெக்டர் பம்ஃபில் எழுந்தார். விருந்தாளியாக வந்தவர். கழுத்துப் பட்டன் மூன்று கிலோவுக்கு முன்பே மூட மறுத்துவிட்டது. பிளம் சாராயத்தில் கன்னம் சிவந்திருந்தது. கல்யாணத்துக்கும் இடுப்பில் விலங்கோடு வருகிற மனிதர்.

சமையற்கட்டில் தேடினார்கள். தோட்டத்தில் தேடினார்கள். பெண்கள் கழிப்பறையில் பம்ஃபிலே நேரில் தேடி, குடையால் அடி வாங்கித் திரும்பினார். வெளியே கார்களுக்கு நடுவில் ஜெலு ஓடிப் பார்த்தான்.

இலிங்கா இல்லை!

போனும் வரவில்லை. முறைப்படி திருடுகிற சிநேகிதர்கள் என்றால் இந்நேரம் விஸ்கி கேட்டு மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள்.

"ரோட்டையெல்லாம் மறிக்கச் சொல்லிட்டேன்." பம்ஃபில் போனை மூடினார். "ஆனா உள்ளாள் இல்லாம இது நடக்காது. யோவ் வீடியோ! படத்தைப் போட்டுக் காட்டு!"

கேமராவின் சின்னத் திரையில் பத்துத் தலைகள் குனிந்தன.

திரையின் நடுவே, கையில் மைக்கோடு, ஹோரியா. கல்யாணத்தின் ஞானத்தகப்பன். அந்த ஊர்க் கல்யாணத்தில் பெற்ற தகப்பனுக்கும் மேலே ஞானத்தகப்பன். அவர் பேசி உட்கார்ந்த பிறகுதான் சூப். அல்பிட்சா எல்லைச் சாவடியில் முப்பது வருஷம் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவருக்கு இடப்பக்கம் மனைவி டோம்னிகா, காலித் தட்டை உற்றுப் பார்த்தபடி. வலப்பக்கம் மாப்பிள்ளை ராரெஷ். அவனுக்கு அடுத்து இலிங்கா. கொட்டாவியைப் பூச்செண்டால் மறைத்தாள்.

"...ஆக, அந்த லாரியின் தார்ப்பாயை நான் விலக்கினேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா..." திரையில் ஹோரியா கையை உயர்த்தினார்.

படம் நின்றது!

அடுத்த துண்டு. திரை முழுக்க ஹோரியாவின் முகம் மட்டும்.

"பொண்ணு எங்கய்யா?"

"ஐயா கிட்டக்க எடுக்கச் சொன்னாரு. மூஞ்சி பெருசாத் தெரியணும்னாரு."

"நடுவுல ஏன் நின்னுச்சு?"

"தானா நின்னுருச்சு சார்."

"தானா!" பம்ஃபில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேமரா தானா நிக்குமாம். சரியா அந்த நேரத்துல பொண்ணும் தானா நடந்து போகுமாம்! அப்ப நீ எங்க இருந்த?"

டிபேரியு நெளிந்தார்.

"சமையற்கட்டுல... சர்மாலே."

முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்த சமாசாரம். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மனிதர். பேச்சு எப்படியும் முடியாது என்ற நம்பிக்கையில் கேமராவை முக்காலியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பியபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அது அணைந்து எத்தனை நேரம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது!

"சார், இது போட்டோ கேமரா. அரை மணிக்கு மேல ஓடினா வீடியோ கேமரான்னு வரி போட்டுருவாங்க. அதனால அதுக்கு முன்னாடியே நின்னுரும். சுங்கச் சட்டம் சார்!"

"என் பொண்டாட்டி போன்ல அவ தங்கச்சியை மூணு மணி நேரம் எடுக்கறா. நிக்கவே மாட்டேங்குது. கதை விடறியா?"

டிபேரியுவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஹோரியா பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க சுங்க அதிகாரி. நீங்களே சொல்லுங்க!"

ஹோரியா தாடையை உயர்த்தினார். மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"முப்பது வருஷம்! எனக்குத் தெரியாம ஒரு வரி இந்த தேசத்துக்குள்ள நுழைஞ்சதில்ல. அப்படி ஒரு சட்டம்... கிடையவே கிடையாது!"

கிளிக்!

பம்ஃபில் விலங்கைத் திறந்த சத்தம்.

"சார்! சார்! ஓட விட்டுப் பாருங்க!" டிபேரியு கதறினார். "உங்க கண்ணு முன்னாலயே! நான் தொடவே மாட்டேன்! நாளைக்கு என் பேரு பேப்பர்ல வந்தா இந்த ஊர்ல ஒரு நாய்க்குட்டிக்குக்கூடப் படம் எடுக்கக் கூப்பிட மாட்டாங்க சார்!"

"சரி. தானா நின்னா நீ வீட்டுக்கு. நிக்கலைன்னா என்கூட ஸ்டேஷனுக்கு."

முக்காலியை நிறுத்தினார்கள். பம்ஃபில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேர் எதிரே அமர்ந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை ராரெஷ், தலையைக் கையில் தாங்கியபடி. பின்னால் இருநூறு விருந்தாளிகள்.

"எதைப் படம் எடுக்கறது?" என்றான் ஜெலு.

"வெறும் சுவரையா எடுப்பாங்க?" ஹோரியா முன்னால் வந்தார். "விட்ட இடத்துலேர்ந்து நான் தொடர்றேன். ஆக, தார்ப்பாய்க்குள்ள..."

ஸ்மரண்டா மறுபடியும் அழத் தொடங்கினாள். இந்தத் தடவை எதற்கு என்று தெரியவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பத்து நிமிடம்.

தார்ப்பாய்க்குள் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன.

இருபது நிமிடம்.

அவற்றுக்கு உரிய விண்ணப்பம் தவறான நிறத்தில் இருந்தது.

டிபேரியுவின் பார்வை திரையின் மூலைக்குப் போனது...

சூட்டு எச்சரிக்கை!

வெயில்... இருநூறு பேர் மூச்சு... கேமரா அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி கொதித்தது. இப்போது சூட்டில் அணைந்தால்? 'அரை மணின்னியே, முன்னாடியே நின்னுருச்சே' என்பார் பம்ஃபில். பிறகு விலங்கு!

"சார்... விசிறிக்கலாமா?"

"தொடாத!"

"தொடலை சார். காத்துதான்!"

விருந்துப் பட்டியல் அட்டையால் விசிறினார். சூப், மீன், சர்மாலே, கேக் எல்லாம் வேகவேகமாக மேலும் கீழும் போய்வந்தன. எச்சரிக்கை கண் சிமிட்டியது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

'நில்லு... ஆனா இப்ப நிக்காத... அப்புறமா நில்லு...'

ஒரு கேமராவிடம் யாரும் இவ்வளவு குழப்பமாக வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இருநூறு பேரும் கடைசி விநாடிகளைச் சத்தம் போட்டே எண்ணினார்கள். தன் பேச்சுக்குத்தான் இந்த உற்சாகம் என்று நினைத்து ஹோரியா குரலை உயர்த்தினார்.

"ஐம்பத்தேழு! ஐம்பத்தெட்டு! ஐம்பத்தொன்பது!"

விளக்கு அணைந்தது!

மண்டபம் அதிர்ந்தது! தெரியாதவர்கள் எல்லாம் டிபேரியுவைக் கட்டிப்பிடித்தார்கள். பாண்டு வாத்தியம் அவசரமாக ஏதோ வெற்றிப் பாட்டை ஆரம்பித்தது. பம்ஃபில் விலங்கை மடித்து வைத்துக்கொண்டு, தாமே கண்டுபிடித்ததைப் போல் மீசையைத் தடவினார்.

"ஆக, நான் முன்னமே நெனச்ச மாதிரி, இவன் நிரபராதி. என்ன மாப்பிள்ளை, நான் சொல்றது..."

திரும்பினார்.

நாற்காலி காலி!

"மாப்பிள்ளையையும் தூக்கிட்டாங்கடா!" ஜெலு கத்தினான். "சார், உங்க பக்கத்துலதானே இருந்தான்!"

"நான்... நான் கேமராவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்!"

அந்த நேரத்தில்...

ட்ரிங்...! ட்ரிங்...!

ஜெலுவின் போன். ஒலிபெருக்கியைத் தட்டினான்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கிட்ட இருக்காங்க." கரகரத்த பெண் குரல். "உயிரோடதான். சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"எத்தனை பாட்டில்?" ஜெலு பழக்க தோஷத்தில் கேட்டான்.

"விஸ்கி வேணாம். மைக்கைக் கொண்டு வா."



ஹோரியாவின் முகம் வெளுத்தது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை.

"டோ... டோம்னிகா?!"

இடப்பக்கம் திரும்பினார். மனைவியின் நாற்காலியில் ஒரு சால்வை மட்டும் உட்கார்ந்திருந்தது!

"நீ எப்ப போன?"

"நீங்க தார்ப்பாயை விலக்கினப்ப. பொண்ணு பசிக்குதுன்னு சொன்னா."

"அதுக்காகக் கடத்தலா!" பெருமிதம் குறையாமல் கேட்டார் ஹோரியா.

"பதினொரு கல்யாணத்துக்கு நீங்க ஞானத்தகப்பன். பதினொண்ணுலயும் நீங்க தார்ப்பாயை விலக்கும்போது கேமரா நின்னுருது. இயந்திரத்துக்கே பொறுக்கலைன்னு நினைச்சேன். சட்டம்னு இப்பத்தான் டிபேரியு கத்தினது காதுல விழுந்துச்சு."

"பேச்சை நிறுத்துங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே..."

"அதுக்குத்தான் போனேன். நான் இல்லாததைப் பார்த்தா பேச்சை நிறுத்துவீங்கன்னு. நீங்க பார்க்கவே இல்ல."



ஸ்மரண்டா போனைப் பிடுங்கினாள். "அடியே இலிங்கா! உசிரே போச்சேடி எனக்கு!"

"மன்னிச்சிரும்மா! ராரெஷுக்கு நான்தான் சேதி அனுப்பினேன். உனக்கும் அனுப்பலாம்னு பார்த்தேன். ஆனா உன்னால ரகசியத்தை வெச்சிருக்க முடியாதே!"

பம்ஃபில் மறுபடியும் விலங்கை எடுத்து, மார்பை நிமிர்த்தினார். ஏதாவது ஒரு கைதாவது நடந்தாக வேண்டும்!

"அம்மா! இது ஆள் கடத்தல்! எத்தனை வருஷம் உள்ள போவீங்க தெரியுமா?"

"அவர்கூட முப்பத்தெட்டு வருஷம் முன்கூட்டியே அனுபவிச்சுட்டேன்யா."

விலங்கு மறுபடியும் இடுப்புக்குப் போனது.

மைக்கைப் பறிப்பதுதான் அன்றைய கடினமான போலீஸ் நடவடிக்கை. ஹோரியாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சுண்டு விரலுக்கு ஜெலு தேவைப்பட்டான்.

டிபேரியு மைக்கைச் சுமந்துகொண்டு வெளியே போனார். பத்தடி தூரத்தில் ஹோரியாவின் கறுப்புக் கார், கறுப்புக் கண்ணாடியோடு நின்றது. ஜெலு அதைத் தாண்டி இரண்டு தடவை ஓடியிருக்கிறான். அதிகாரியின் காருக்குள் எட்டிப் பார்க்க அந்த ஊரில் எவனுக்கும் தைரியம் கிடையாது.

கண்ணாடி இறங்கியது. பின் இருக்கையில் மணமக்கள், மடியில் சர்மாலே பாத்திரம். டோம்னிகா கையை நீட்டி மைக்கை வாங்கி, டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"சூப் வந்துருச்சா?" என்றாள்.

"வந்துட்டே இருக்கு அக்கா."

ஹோரியா வாசலில் நின்றார். முதல் முறையாக அவர் கையில் ஒன்றும் இல்லை. டோம்னிகா அவர் பக்கத்தில் போய், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, ஆறிடும்" என்றாள். அவரும் போனார்.

மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் பக்காவு கண்டதில்லை. ஸ்மரண்டா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெலுவும் கூட்டாளிகளும் மானம் காக்க அவளை இன்னொரு தடவை முறைப்படி திருடினார்கள். இன்ஸ்பெக்டர் ஆடினார்! சட்டைப் பட்டன் தெறித்தது!

இதில் எதுவுமே படத்தில் இல்லை.

கேமராவின் கார்டு இரண்டு அரைமணிப் பேச்சிலேயே நிறைந்துவிட்டது.

அந்தக் கல்யாணப் படத்தை இன்றுவரை முழுசாகப் பார்த்தவர் ஹோரியா ஒருவர்தான். நீளம் போதவில்லையாம்.