கொழும்பில் அச்சிட்ட தேர்ப்பாட்டு

1928, வைகாசி. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழா. காலை எட்டு மணிக்கெல்லாம் ரத வீதியில் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று, "திருடி! பாட்டுத் திருடி!" என்று கூவிக்கொண்டிருந்தது கூட்டம். சப்-இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி விலக்கிக்கொண்டு போனார்.

நடுவில் நின்றவள் நல்லம்மாள். கும்மிப் பாட்டுக் கட்டுவதில் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவள். போன வைகாசியில் தேர்ப்பாட்டை அச்சடித்து விற்றவள், மிச்சத்தை இந்த வருஷம் கடை பரப்பியிருந்தாள். அன்றைக்கு அச்சடித்துக் கொடுத்த பிரஸ்காரர் பாலசுந்தரமேதான் இன்றைக்கு அவள்மேல் புகார் கொடுத்திருந்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஸ்டேஷனில் அவர் தம் புத்தகக் கட்டை மேஜைமேல் வைத்தார். அதே பாட்டு, அட்டையில் அதே தேர்ப்படம். 'இயற்றியவர் பாலசுந்தரம், கொழும்பு, 1926' என்று போட்டிருந்தது.

"கொழும்புல இருந்தப்ப நான் எழுதி, அங்கயே அடிச்சதுங்க. இந்தம்மா அதைக் காப்பியடிச்சு, நான் ஊர்ல இல்லாதப்ப என்ற ஆளுங்ககிட்டயே குடுத்து அடிச்சிருக்குது."

"பொய்யிங்க சாமி!" நல்லம்மாள் குமுறினாள். "கொழும்பு எந்தத் திக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. என்ற வாயில வந்த பாட்டுங்க அது! நாளைக்கு எந்த ஊட்டுல என்னையக் கும்மிக்குக் கூப்பிடுவாங்க?"

"பாட்டை ரிஜிஸ்தர் பண்ணியிருக்குதா, கேளுங்க" என்றார் பாலசுந்தரம்.

"அந்தக் காலம் மலையேறிப் போச்சு" என்றார் தண்டாயுதபாணி. "சீமையில பதினொண்ணாம் வருஷம் போட்ட காப்பிரைட் சட்டம் பதினாலாம் வருஷம் இங்கேயும் வந்தாச்சு. ரிஜிஸ்தர் வேண்டாம். எழுதினவருக்கு உரிமை."

"அதே சட்டம் இலங்கைக்கும் உண்டுங்களே! அங்க மொதல்ல வெளியிட்டாலும் இங்க செல்லுமுங்க. முந்தினது என்னுதுங்க."

தண்டாயுதபாணிக்கு எரிச்சல் மூண்டது. எழுதுகிறவரைக் காக்க வந்த சட்டத்தை இந்த ஆள் எழுதாமலே கரைத்துக் குடித்திருக்கிறார்!

"தேர்ப்படம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கே?"

"ஒரே மரக்கட்டைதானுங்க. கொழும்புல செதுக்கி, வரும்போது கையோட கொண்டாந்தேன்."

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. தண்டாயுதபாணி எழுந்து, அவரையும் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார். கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தேரின் உச்சியில் கருகிய சிறு குழி ஒன்று இருந்தது.

"இதென்ன?"

"அந்தக் கூத்தை ஏனுங்க கேக்கறீங்க! போன ஆயுத பூசையில என்ற ஆளுங்க, தேர்ப்படமாச்சேன்னு பக்தி முத்திப் போயி, தட்டுகூட இல்லாம கட்டைமேலயே கற்பூரத்தைக் கொளுத்திப்போட்டானுங்க. வந்த ஆத்திரத்துல ஒருத்தனை அறைஞ்சே போட்டேனுங்க."

தண்டாயுதபாணி கட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் இருவருடைய புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"திருடன் நீர்தான், பாலசுந்தரம்."

"என்னங்க இது அநியாயம்!"

"கருகின குழியில மை ஒட்டாது. அந்த இடம் காகிதத்துல வெள்ளையா விழும். போன வைகாசியில அடிச்ச அம்மிணி புஸ்தகத்துல தேர் முழுசா இருக்கு. உம்ம கொழும்புப் புஸ்தகம் அத்தனையிலும் தேர் உச்சியில வெள்ளைப் புள்ளி! போன புரட்டாசியில பட்ட சூடு, இருபத்தாறாம் வருஷத்துப் புஸ்தகத்துல எப்படி ஐயா விழுந்துச்சு? மரத்துல பட்ட புண் ஆறுமா? எல்லாம் இங்கேயே, உம்ம பிரஸ்ல, இப்போ அடிச்சது. கொழும்புன்னு போட்டா எவன் கடல் தாண்டிப் போய் விசாரிப்பான்னு நெனைச்சீர்."

பாலசுந்தரத்தின் குட்டு உடைந்தது. ஆனாலும் திமிர் போகவில்லை. "சரிங்க. மொதத் தடவைக்கு அபராதந்தானுங்களே? கட்டிப்போடறேன்."

"ஆட்டைத் திருடுனா ஜெயிலு, பாட்டைத் திருடுனா அபராதமுங்களா?" நல்லம்மாள் சீறினாள். "நாயமுங்களா சாமி இது?"

நியாயமில்லைதான். சட்டம் அப்படித்தான் இருந்தது. தண்டாயுதபாணி பாலசுந்தரத்தின் புகார்க் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"பாட்டுக்கு அபராதம்தான் அம்மிணி. ஆனா பொய்ன்னு தெரிஞ்சே ஒருத்தர் மேல குத்தம் சாட்டினா, அதுக்கு ஜெயில் உண்டு. அதை மட்டும் இவர் படிக்கலை போல."

பாலசுந்தரத்துக்கு முகம் வெளுத்தது. "அம்மிணி, நீங்களாச்சும் சொல்லுங்க..."

"நானா? நீங்கதானுங்க சொல்லோணும். பாட்டு யாருதுன்னு சனங்ககிட்ட சொல்லிப்போட்டு அப்பறம் ஜெயிலுக்குப் போங்க."

தண்டாயுதபாணி இரண்டு கான்ஸ்டபிள்களோடு அவரை வீதிக்கு நடத்தினார். தேர்வடத்தைப் பிடிக்கத் திரண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. பாலசுந்தரம் தலையைக் குனிந்தபடி, "பாட்டு நல்லம்மாளுது" என்று முனகினார்.

"கேக்கலீங்க" என்றாள் நல்லம்மாள். "சத்தமாச் சொல்லுங்க."