பன்னிரண்டு வீட்டு லயம்

பாராட்டினால் யாருக்காவது கோபம் வருமா? கேஷிகாவுக்கு வந்தது. மூக்கு நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது.

விஷயம் இதுதான். இலங்கையின் மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேஷிகாவின் வீடு இருக்கிறது. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அந்த வரிசையை அங்கே எல்லோரும் லயம் என்றுதான் சொல்வார்கள். கேஷிகாவும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறாள். இப்போது ஆறாம் தரம் படிக்கிறாள்.

அவளுடைய அம்மா ஜீவராணியின் போனில் 'நாலு வரி முற்றம்' என்றொரு கவிதைக் குழு இருந்தது. எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் அதில் நாலே வரியில் கவிதை போடுவார்கள். ஒரு மழை நாளில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கேஷிகாவும் ஒன்று போட்டாள்.

எங்கள் லயத்தில்
பன்னிரண்டு வீடு.
மழை வந்தால் மட்டும்
ஒரே வீடு.

அந்தக் கூரை பழைய தகரம். மழை பலத்தால் ஒழுகும். யார் வீட்டில் ஒழுகவில்லையோ, அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அதைத்தான் எழுதினாள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இருந்ததே! மறுநாள் பள்ளி விட்டு வந்து, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் நின்று போனைத் திறந்தாள். அறுபது பேர் பாராட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கனகலிங்கம் என்பவர், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியராம், நாற்பது வரிக்கு எழுதியிருந்தார்.

'லயம் என்றால் தாளம். சங்கீதத்தில் சுரத்தானங்கள் பன்னிரண்டு. அவற்றைத்தான் இந்தச் சிறுமி பன்னிரண்டு வீடு என்கிறாள். மழையின் தாளத்தில் எல்லாச் சுரங்களும் ஒன்றாகிவிடுகின்றன. என்ன ஞானம்.'

அதற்குக் கீழே லண்டன் றமணன் என்று ஒருவர். 'ஐயா, பன்னிரண்டு வீடு என்றால் ஜாதகக் கட்டம். இது கிரகங்களைப் பற்றிய கவிதை.'

சுரமா கிரகமா என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். நடுவில் ஒரு ஆளாவது கூரையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாதா? ஊஹூம்.

கேஷிகா வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் கோகுலராஜ் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன் சிரிக்கிற?"

"லயம்னா தாளம்னு ஒரு அர்த்தம் இருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"நம்ம லயம்?"

"அது வெள்ளக்காரன் காலத்து லைன். வரிசை. இவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியாட்டி கேக்க வேண்டியதுதானே. நாப்பது வரி எழுதத் தெரியுது, ஒரு வரி கேக்கத் தெரியலையா?"

"பேசாம இரு. சும்மா கெடச்ச பேர ஏன் கெடுத்துக்குற?" என்றான் கோகுலராஜ்.

பேசாமல் இருந்திருப்பாளோ என்னவோ. ஆனால் குழுவை நடத்தும் கேதீஸ்வரி என்ற அம்மா அன்று மாலையே செய்தி அனுப்பிவிட்டார். இந்த மாதத்தின் சிறந்த கவிதை கேஷிகாவுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை அது ஓவியத்தோடு அட்டையாக வரும். ஓவியர் மழையில் நனையும் மிருதங்கம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறார்.

"மிருதங்கமா?" கேஷிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

போதாததற்கு மறுநாளே ஜீவராணி கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், "எங்க புள்ள நம்ம லயத்தப் பத்தி எழுதிருக்கு. ஞாயித்துக்கெழம படத்தோட வருது" என்று. பன்னிரண்டு வீடும் காத்திருந்தது. ஐந்தாம் வீட்டு நாகலெட்சுமி மாமி, "என் வாசல்ல இருக்குற ரோசாச் செடியும் வருமாடி?" என்று தினமும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடுவார்கள். மிருதங்கம் இருக்கும்.

'அம்மா, லயம் என்றால் இங்கே வேறு' என்று கேதீஸ்வரிக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. 'மகள், கவிதைக்கு எழுதியவரே விளக்கம் சொல்லக் கூடாது. அது எங்கள் விதி. வாசகரே கண்டுபிடிக்கட்டும்.'

நல்ல விதி. கண்டுபிடித்த லட்சணம்தான் தெரிகிறதே.

கேஷிகா பல்லைக் கடித்துக்கொண்டு, 'கனகலிங்கம் ஐயா, உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்று எழுதினாள். அனுப்பப் போகும்போது அவருடைய நாற்பது வரியின் கடைசி வரி கண்ணில் பட்டது. 'என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.'

இப்படி எழுதியிருக்கும் மனிதரை எல்லோர் முன்னாலும் எப்படித் திட்டுவது? எழுதியதை அழித்தாள். அழித்த பிறகு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவாவது விட்டிருக்கலாம்.

அப்போதுதான் குழுவின் விதிகளை முதலில் இருந்து ஒழுங்காக வாசித்தாள். ஐந்தாவது விதி: கவிதையைக் குரலில் பதிவுசெய்தும் போடலாம்.

"அண்ணா, நான் விளக்கம் சொல்லக் கூடாது. ஆனா லயம் பேசலாம்ல?" என்றாள்.

"லயம் எப்படிப் பேசும்?"

"மழை வரட்டும். காட்டுறேன்."

மழை வந்ததா? அதுதான் இல்லை. ஒரு வாரம் விடாமல் கொட்டிய மழை, வேண்டும் என்றதும் நின்றுவிட்டது. வியாழக்கிழமை வெயில். வெள்ளிக்கிழமையும் வெயில். ஊரே துணி காயப்போட்டு மகிழ்ந்தது. கேஷிகா மட்டும் வானத்தை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாதுன்னு சொல்லுவாங்க. நீ மொறச்சா வந்துருமா?" என்றாள் ஜீவராணி.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மலை இருட்டியது. பிறகு தகரத்தின் மேல் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கேஷிகா போனை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். எல்லா வீட்டு வாசலுக்கும் முன்னால் ஓடும் நீள விறாந்தை அது. முதலில் தன் நாலு வரியையும் வாசித்தாள். பிறகு காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டுக் குரலில் ஒவ்வொரு வாசலாகக் கூப்பிட்டபடி நடந்தாள்.

"ஒண்ணாம் வீடு?"

"ஒழுகுதும்மா. சட்டி பத்தல, ஒண்ணு குடு" என்றார் அழகுமுத்து மாமா.

"ரெண்டாம் வீடு?"

"அடுப்புக்கு மேலயே ஒழுகுது."

"அஞ்சாம் வீடு?"

"கட்டில மூணு தடவ நகத்திட்டேன். இனி நகத்த எடமில்ல" என்றாள் நாகலெட்சுமி மாமி.

"எட்டாம் வீடு?"

"எங்க வீட்டுல ஒழுகல" என்றாள் பரிமளம் அக்கா. "எல்லாப் புள்ளைகளையும் இங்க அனுப்புங்க. ரொட்டி சுடுறேன்."

ரொட்டி என்ற சொல் காதில் விழ வேண்டியதுதான் தாமதம், பிள்ளைகள் தடதடவென்று ஓடினார்கள். அந்தச் சத்தமும் பதிவானது. கேஷிகா பன்னிரண்டாம் வீடு வரைக்கும் போய் முடித்தாள். நனைந்துகொண்டே பீலிக்கு ஓடிப்போய்ப் பதிவை அனுப்பினாள்.

போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பத்து நிமிடம் அங்கேயே நின்றாள். அவசரப்பட்டுவிட்டோமோ?

பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. வயதான குரல்.

"பிள்ளை, கனகலிங்கம் கதைக்கிறன். நான் தாளத்தைத் தேடிக்கொண்டு இருந்திட்டன், கூரையைப் பாக்கேல்ல. அந்த நாப்பது வரியையும் அழிச்சிட்டன். நீங்கள் என்னை ஏசாமல், மழையைப் பேச விட்டீங்கள். அதுக்கு நன்றி. ரொட்டி சுட்ட எட்டாம் வீட்டுப் பிள்ளைக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ."

கேஷிகா அதை இரண்டு தரம் கேட்டாள். மூக்கு நுனியில் இருந்த கோபம் எப்போது இறங்கிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அட்டை வந்தது. மிருதங்கம் இல்லை. நீளமான ஒரு லயம், பன்னிரண்டு கதவு, மேலே சோவென்று மழை. அந்தச் சின்னப் போனைச் சுற்றி லயமே கூடிவிட்டது. இது என் வாசல், அது உன் வாசல் என்று ஒரே தள்ளுமுள்ளு. அழகுமுத்து மாமா ஒன்றாம் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் படம் இரண்டு தடவை மறைந்து போனது.

நாகலெட்சுமி மாமி மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா மாமி, புடிக்கலையா?" என்று கேட்டாள் கேஷிகா. ரோசாச் செடி இல்லை என்று இனி ஒரு வாரம் கேட்க வேண்டியிருக்குமே என்று அவளுக்குக் கவலை.

"புடிச்சிருக்கு. ஆனா கூரையில ஒரு ஓட்டையும் காணோமேடி" என்றாள் மாமி. "பேசாம எல்லாரும் இந்த லயத்துக்கே குடிபோயிருவோமா?"

பன்னிரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது.