அண்ணன் உட்கார்ந்த சீட்டு

வண்டி பார்க்க வந்த ஜவுளிக்கடைக்காரர், வந்ததும் வராததுமாக பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தும்விட்டார்.

"காலங்காத்தால எங்கயோ ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருக்கீங்க போல?"

"இல்லைங்க. இதை எடுத்தே ரொம்ப நாளாச்சு."

அவர் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். பழைய வண்டி வாங்கிப் பழகினவர்களுக்கு இது தெரிந்த தில்லுமுல்லு. ஆறிக்கிடக்கிற எஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் இருமலும் முக்கலும் வெளியே வரும். அதை மறைக்க, ஆள் வருவதற்குள் விற்கிறவன் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவான். அதனால்தான் வாங்க வருகிறவன் முதலில் பானெட்டைத் தொடுவான். ஆனால் சின்னவன் சொன்னது சத்தியமான உண்மை. அந்த ஷெட்டுக்குள் வெயில் வராது, வண்டியின் உறையை இப்போதுதான் உருவியிருந்தான், சாவி ராத்திரியெல்லாம் அவன் தலையணைக்குக் கீழே இருந்தது.

சின்னவன் என்பது வீட்டில் வைத்த பெயர். தலையில் பாதி வழுக்கை விழுந்த பிறகும் அவன் அண்ணனுக்குச் சின்னவன்தான், அதாவது அண்ணனால் வாய் திறந்து கூப்பிட முடிந்த வரைக்கும்.

கடைக்காரர் கதவைத் திறந்து, தரையோடு தரையாக இருந்த அந்த ரெண்டு சீட்டு வண்டிக்குள் முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பேன்ட்டின் பின்பக்கம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு, விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோய், கர்ச்சீப்பில் துடைத்தார்.

"எலி கிலி ஏதாவது உள்ள செத்துக் கிடக்கா சார்?" என்றார். பிறகு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் போனபின் சின்னவன் சீட்டைத் தொட்டுப் பார்த்தான். பால் நிறத் தோல் சீட்டு. யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இளஞ்சூடாக, லேசாகப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. குனிந்து மோந்தான். புளித்த பால், வேர்வை, மேலே தூவின பவுடர், எல்லாத்துக்கும் அடியில் இனிப்பாக அழுகுகிற ஒன்று. இந்த வாடை அவனுக்குப் பழக்கம். வீட்டுக்குள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிற அண்ணனுடைய வாடை.

சே, நம்ம மூக்குலயே ஒட்டிக்கிச்சு போல, என்று சொல்லிக்கொண்டான்.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கவில்லை. "அவன் வண்டிக்கு வாக்கப்பட்டுட்டான்" என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். தம்பியைப் படிக்கவைத்து, வேலை தேடித்தந்து, கல்யாணமும் பண்ணிவைத்த பிறகு, தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கின ஒரே பொருள் இந்த வண்டி. மழைக்காலத்தில் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். அதோடு சரி. கை, கால், பேச்சு எல்லாம் போய், கண் மட்டும் மிச்சம். படுத்தே கிடந்ததில் தோள்பட்டை ரெண்டிலும் இடுப்புக்குக் கீழேயும் புண் வைத்துவிட்டது. சின்னவனின் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "துணி அலமாரிக்குள்ளகூட அந்த நாத்தம் வந்திருச்சுங்க. அவரை எங்கயாவது சேத்துட்டுச் சொல்லுங்க, வரேன்," என்று அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. முன்பணம் கட்டினால் மறுநாளே வேன் வரும். வண்டி விற்றால் அண்ணன் போவார், அவள் வருவாள், வீடு மறுபடி வீடாகும். சின்னவன் கணக்கு அவ்வளவுதான். விற்பனைத் தாள்களில் அண்ணனின் கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாகிவிட்டது. அழுத்தும்போது அவன் கையுறை போட்டிருந்தான். அண்ணன் அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு கை பிடிங்களேன், அண்ணனைப் புரட்டணும்," என்று உள்ளேயிருந்து, அண்ணனைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த நர்ஸம்மா கூப்பிட்டாள்.

"முக்கியமான போன்ல இருக்கேன்மா," என்றான் அவன், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு. அவள் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு முக்கியமான போன் வந்துவிடும்.

மறுநாள் வேறொருவர் வருவதாகச் சொல்லியிருந்தார், ஒரு பல் டாக்டர். அதற்குள் சீட்டைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். மூக்கில் துணி கட்டி, வெந்நீரும் சோப்புமாக வண்டிக்குள் குனிந்தான். துடைக்கத் துடைக்கத் துணியில் மஞ்சளாக வந்தது. முதுகு சாய்கிற இடத்தில் மேலே ரெண்டு, கீழே ஒன்று, தோல் கறுத்து மெத்துமெத்தென்று ஆகியிருந்தது. கீழே இருந்ததை விரலால் அழுத்தினான். அழுத்தின இடம் வெளுத்து, விட்டதும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, சிவந்தது.

விரலை உதறினான். சோப்பில் மூணு முறை கழுவினான். கழுவினபின்னும் அந்தக் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனாலும் துடைத்தான். தோலுக்குப் போடுகிற களிம்பு தீர்ந்திருந்ததால் நர்ஸம்மாவின் மருந்துத் தட்டிலிருந்து ஒரு ட்யூபைக் கேட்காமல் எடுத்துவந்து, அந்த மூணு இடத்திலும் தடவிவிட்டான். தோல் அதை வெகு நாள் பட்டினி கிடந்த மாதிரி உறிஞ்சிக்கொண்டது. சீட்டின் உள்ளேயிருந்து காற்று ஒரு முறை நீளமாக வெளியேறியது. பழைய ஸ்பாஞ்சு அப்படித்தான், உட்கார்ந்தாலும் எழுந்தாலும் மூச்சு விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

காலையில் நர்ஸம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள்.

"தம்பி, நல்ல சேதி. அண்ணனுக்குப் புண்ணு அப்படியே வத்தியிருக்கு! ராத்திரி நீங்கதான் துடைச்சு மருந்து போட்டீங்களா? சொல்லவே இல்ல! எவ்வளவு பாங்கா துடைச்சிருக்கீங்க."

அவன் காபி தம்ளரைக் கீழே வைத்தான்.

"இதே மாதிரி தினம் செஞ்சா தோல் மூடிக்கும் தம்பி. அண்ணனுக்கும் எவ்வளவு சந்தோஷம் பாருங்க, விடிஞ்சதுலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு."

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயம்தான் முதலில் வந்திருக்கும். சின்னவனுக்கு வந்தது அருவருப்பு. அப்படியென்றால் ராத்திரி அவன் துடைத்தது, தடவினது, விரல்விட்டு அழுத்தினது எல்லாம்? ஐயோ கருமமே! கழுவுதொட்டிக்கு ஓடி, குடித்த காபியையெல்லாம் வாந்தியெடுத்தான். அண்ணன் ஆறிக்கொண்டிருக்கிறார் என்பது அவன் மனசில் எங்கேயும் போய் ஒட்டவில்லை. இன்னொரு முறை தொடமாட்டேன் என்பது மட்டும்தான் கல்லில் வெட்டின மாதிரி நின்றது.

அன்றைக்கு முழுக்க ஷெட் பக்கமே போகவில்லை. சாயங்காலம் டாக்டர் கிளம்பிவிட்டதாகப் போன் பண்ணினார். "முழுப் பணத்தோட வரேன், பிடிச்சா இன்னிக்கே எடுத்துக்கிறேன்," என்றார். அதே சூட்டில் மனைவியும் கூப்பிட்டாள். "என்னங்க, ஆச்சா? பெட்டி கட்டட்டுமா?"

"கட்டு," என்றான்.

உறையை உருவிக் கதவைத் திறந்தான். வாடை முகத்தில் அறைந்தது. ஒருநாள் கவனிக்காமல் விட்டதற்கே கீழே இருந்த இடம் பிளந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு. ஓரமெல்லாம் பச்சையாகக் கசிந்து, சீட்டின் மடிப்பில் வழிந்து, தரைவிரிப்பில் சொட்டியிருந்தது. இதைக் காட்டினால் டாக்டர் என்ன, பிச்சைக்காரன்கூட வாங்கமாட்டான்.

துடைக்கலாம். மருந்து போடலாம். அவனுக்குத் தெரியும்.

பிளேடை எடுத்தான்.

அழுகினதை வெட்டியெடுத்துவிட்டு, அதே நிறத்தில் ஒரு ரெக்ஸின் துண்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கெட்டுப்போன தோல், அவ்வளவுதான். வெறும் சீட்டு. பிளேடு இறங்கியது. தோல் அதிர்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, மூடின வாய்க்குள்ளேயே ஒருத்தர் கத்துகிற சத்தம். "ஐயோ, என்னாச்சு அண்ணனுக்கு, தம்பி, தம்பி!" என்று நர்ஸம்மா கூப்பிட்டாள்.

அவன் வண்டியில் பாட்டைச் சத்தமாக வைத்தான்.

சதுரமாக அறுத்து உரித்தான். உரிந்து வந்த துண்டு கனமாக இருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் நரைத்த முடி நாலைந்து சுருண்டிருந்தது. அடியில் ஸ்பாஞ்சு இல்லை. சிவப்பாக, ஈரமாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்காதே. பார்க்காமலே பஞ்சை அடைத்தான். பசையைப் பிழிந்தான். ரெக்ஸினை அழுத்தினான். அழுத்தப்பட்டது அவன் கைக்குக் கீழே துடித்துத் துடித்து, அப்புறம் அடங்கியது. துண்டைப் பாலிதீன் பையில் போட்டு, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக் குப்பைத்தொட்டியில் எறிந்தான். காரெல்லாம் வாசனைத் திரவியம் அடித்தான்.

டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நல்ல உற்சாகமான மனுஷன், பேசும்போதே மற்றவர் பல்லைப் பார்க்கிறவர். பானெட்டை அவர் தொடவேயில்லை. நேராகப் போய் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பின்னால் சாய்ந்தார்.

"அடடா! யாரோ பின்னாலேர்ந்து கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கே!"

"தோல் சீட்டு சார். ஒரிஜினல்."

பணம் கைமாறியது. சாவி கைமாறியது. வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பிப் போனது. சின்னவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஷெட்டில் வாடை இல்லை. சிரித்தேவிட்டான். மனைவிக்குப் போன் பண்ண எண்ணை அழுத்திக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

நர்ஸம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் பஞ்சு. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"தம்பி... அண்ணனைப் புரட்டினேன்."

அண்ணன் ஒருக்களித்துக் கிடந்தார். முதுகு இந்தப் பக்கம். இடுப்புக்குக் கீழே சதுரமாக ஒரு ஓட்டை. ரத்தம் இல்லை. ஓட்டைக்குள் மஞ்சள் ஸ்பாஞ்சு பிதுங்கியிருந்தது. அதன் நடுவே ஒரு ஸ்பிரிங், மூச்சுக்கு ஒருதரம் சுருங்கி, விரிந்து. ஒவ்வொரு தடவைக்கும் தூள்தூளாக ஸ்பாஞ்சு படுக்கையில் உதிர்ந்தது. நர்ஸம்மா பழக்கதோஷத்தில் அதைப் பொறுக்கித் தட்டில் போட்டிருந்தாள். தட்டு நிரம்பியிருந்தது.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அண்ணன் மல்லாந்தார். தானாக. அசைய முடியாத அந்த ரெண்டு கையும் மெதுவாக மேலே எழும்பின. நெஞ்சுக்கு நேரே வந்து, இல்லாத ஒன்றை வட்டமாகப் பிடித்தன.

கைகள் வலதுபக்கம் ஒடித்தன. உடம்பு மொத்தமும் கூடச் சாய்ந்தது.

பெட்ரோல் பங்க், என்று நினைத்தான் சின்னவன். இடது திரும்பிப் போனால், பங்கில் வலது. அண்ணன் தினமும் போகிற பாதை. நேர் ரோடு. கைகள் அசையாமல் இருந்தன. கால் போர்வைக்குள் எதையோ மிதித்தது.

அப்புறம் கைகள் சுற்றின. ஒரு முழுச் சுற்று. இன்னொரு முழுச் சுற்று.

"ஏம்மா," என்றான்.

வண்டி திரும்புகிறது. நேர் ரோடு. பங்கில் இடது. கைகள் ஒடித்தன, இடதுபக்கம். இனி ஒரு திருப்பம்தான் பாக்கி. நர்ஸம்மா முனகிக்கொண்டே வெளியே ஓடினாள். பின்கதவு அடித்துக்கொண்டது.

கைகள் வலதுபக்கம் ஒடித்தன.

ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது. கேட் கிறீச்சிட்டது. எஞ்சின் வாசலில் நின்று மூச்சு வாங்கியது. அண்ணனும் மூச்சு வாங்கினார். ரெண்டும் ஒன்றாக.

சின்னவன் எட்டிப் பார்த்தான். வண்டிக்குள் டாக்டர் இருந்தார். கை ரெண்டும் மடியில். ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை. பால் நிறத் தோல் அவர் தோள் மேலாக வந்து, நெஞ்சு தாண்டி, கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கண் மட்டும் மிச்சம்.

பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

கட்டிலில் அண்ணன் தம்பியையே பார்த்தார். கோபம் இல்லை. சின்ன வயசில் அவனைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிப்போகும்போது பார்க்கிற அதே பார்வை. ஒரு கை இல்லாத ஸ்டியரிங்கை விட்டது. குறுக்கே நீண்டது. காற்றில் எதையோ பிடித்து இழுத்தது.

வெளியே, பக்கத்து சீட்டுக் கதவு திறந்துகொண்டது.